முழங்கால் துணைக்குழு

முடிச்சூர் தூய ஒநேசிமு ஆலயத்தின் நாற்பத்தேழு ஆண்டு வரலாற்றில், திருவிருந்துக்காக முழங்காலிட்ட ஒருவர் எழுந்திருக்காமல் போனது ஆகஸ்டு மாதம் முதல் ஞாயிறன்றுதான். எழுந்திருக்காமல் போனவள் ஞானஜோதி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வயது அறுபத்தெட்டு. கணவர் வேதசிரோமணி இறந்து ஆறு வருடம் ஆகிறது.

பீடத்துக்கு முன்னால் தேக்குக் கிராதி ஒன்று உண்டு. அதை ஒட்டி ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பேர் முட்டி போடுவார்கள். அப்பமும் திராட்சரசமும் வாங்கியதும் ஆயர் "சமாதானத்தோடே போங்கள்" என்பார். பன்னிரண்டு பேரும் எழுவார்கள், அடுத்த பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்று பதினோரு பேர் எழுந்தார்கள். சமாதானத்தோடே போக ஞானஜோதியும் தயாராகத்தான் இருந்தாள். அவளுடைய வலது முழங்கால் தயாராக இல்லை.

பாடகர் குழு கீர்த்தனையின் கடைசிச் சரணத்தை மூன்றாவது முறையாகப் பாடியது. இரண்டு ஆண்கள் வந்து அவளைப் பீரோவைத் தூக்குவதுபோல் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். வலி எப்படி இருந்தது என்பது பிறகு அவளுக்கு நினைவில் இல்லை. சேலை எங்கே விலகியிருக்கிறதோ என்ற கவலைதான் அந்த நேரத்தில் அவளிடம் இருந்த ஒரே ஜெபம்.

அந்த வார ஆலயக் கமிட்டிக் குறிப்பேட்டில் இப்படிப் பதிவாயிற்று: "திருவிருந்து ஆராதனை நான்கு நிமிடம் நீண்டது. காரணம்: உறுப்பினர் ஒருவர்."

தனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதையே அதுவரை ஞானஜோதி பெரிதாக எண்ணியதில்லை. இப்போது வீட்டுக்குள் ஒரு விருந்தாளி வந்து தங்கிவிட்டது போலிருந்தது. காலையில் அவளுக்கு முன்னால் அது எழுந்துவிடும். பத்து நிமிடம் விறைத்துக்கொண்டு நிற்கும், நடந்தால் இறங்கிவரும், படிக்கட்டைக் கண்டால் மறுபடி முறைத்துக்கொள்ளும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ்மா. இரண்டாம் நிலை" என்று சொல்லி, அடுத்த அறையிலிருந்த பிசியோதெரபிஸ்ட் சின்மயியிடம் அனுப்பினார்.

"முட்டி தேஞ்சு போச்சாம்மா?" என்று கேட்டாள் ஞானஜோதி.

"எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் சொல்றாங்க ஆன்ட்டி, டயர் மாதிரி. குருத்தெலும்பு மெலிஞ்சிருக்கு, ஓரத்துல எலும்பு லேசா வளர்ந்திருக்கு. அதுக்காக மூட்டு செத்துப் போயிடல. தொடைத் தசைக்கு வேலை குடுத்தீங்கன்னா பாதி பாரத்தை அது வாங்கிக்கும்."

"ஆபரேஷன்?"

"உங்களுக்கு இப்போ அதெல்லாம் தேவையே இல்ல. நாற்காலில உக்காந்து எழுந்திருங்க. கையை ஊனாம பத்து தடவை, தினமும். நாலு கிலோ குறைங்க. தடியை இடது கைல பிடிங்க."

"வலி வலது கால்லதானே?"

"அதனாலதான் இடது கைல. அப்புறம், முட்டி போடறதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுடுங்க."

"கோயில்ல?"

"கடவுள் கோச்சுக்க மாட்டார் ஆன்ட்டி."

கடவுளைப் பற்றி ஞானஜோதிக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவளுக்குக் கமிட்டியையும் தெரியும்.

ஆயர் ஜாய்சன் அந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வயது. யாருக்கும் 'இல்லை' சொல்லிப் பழகாத முகம். "நின்னுகிட்டே வாங்கிக்கறதுல எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லம்மா" என்றார். "ஆனா எல்லாரும் முழங்கால்லதான் வாங்கணும்னு பழைய கமிட்டி தீர்மானம் ஒன்னு இருக்காம். நீங்க ஒரே ஒரு லெட்டர் குடுத்துடுங்க. மத்ததை ஆரோன் சார் பார்த்துப்பார்."

ஆரோன் கமிட்டிச் செயலர். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்த அலுவலகம் இன்னும் தன்னை நம்பித்தான் நடக்கிறது என்பதுபோல் தினமும் காலை பத்து மணிக்கு ஆலய அலுவலகத்துக்கு வந்துவிடுவார். அவர் கடிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, விண்ணப்பப் படிவம் ஒன்றை நீட்டினார். அதனுடன் எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம், ஞானஸ்நானச் சான்றிதழ் மூன்றும் இணைக்க வேண்டும்.

"முட்டி வலிக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் எதுக்கு சார்?"

"முட்டி யாருடையதுன்னு தெரியணும்ல டீச்சர்?"

பிறகு அவர் விதி பதினான்கை நினைவூட்டினார். தொடர்ந்து ஆறு திருவிருந்துகளில் பங்கேற்காதவர் பெயர் அங்கத்தினர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும். திருவிருந்து மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறன்று. செப்டம்பரிலிருந்து எண்ணினால் ஆறாவது, பிப்ரவரி முதல் ஞாயிறு. பட்டியலில் இல்லாதவருக்கு ஓட்டு கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. அங்கே வேதசிரோமணிக்குப் பக்கத்தில் மூன்றடி அகலத்துக்குப் புல் வளர்ந்து கிடக்கிறது. அதைத் தன் வீட்டின் இன்னொரு அறை என்றே அவள் நினைத்துவந்தாள்.

"நான் வரமாட்டேன்னு சொல்லலையே சார். வர்றேன், நிக்கிறேன்னுதான் சொல்றேன்."

"புரியுது டீச்சர். கருணை காட்டக் கூடாதுன்னு இல்ல. கருணை காட்ட ஆரம்பிச்சா எங்க நிறுத்தறதுன்னு நம்மகிட்ட விதி இல்ல. அந்த விதி வந்துடட்டும், தாராளமா காட்டலாம்."

செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மூன்று முதல் ஞாயிறுகளும் அவள் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். முட்டி போட்டவர்களை அவள் பின்னாலிருந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. பன்னிரண்டு ஜோடி உள்ளங்கால்கள். பணக்காரர், ஏழை, பாடகர், பொருளாளர் என்று எந்த வித்தியாசமும் தெரியாமல் எல்லாம் வெளுத்து, வெடித்து, கொஞ்சம் பரிதாபமாக இருந்தன. தலையைத் திருப்பியபோது இன்னொன்றையும் பார்த்தாள். கடைசி இரண்டு வரிசைகளில் எட்டுப் பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். ஐந்து மாதம் உட்கார்ந்துவிட்டு, ஆறாவது மாதம் மட்டும் எப்படியோ முட்டி போட்டுப் பெயரைக் காப்பாற்றிக்கொள்பவர்கள். அவர்களை அவள் பல வருடங்களாகப் பார்த்து வருகிறாள். பக்தி குறைந்தவர்கள் என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தாள். ஒரு அம்மாள் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வரிசையில் புதிதாக வந்து சேர்ந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. ஞானஜோதி சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள். 'நான் உங்க ஆள் இல்ல' என்று தன் முதுகு சொல்வதை அவளே கேட்டாள்.

டிசம்பரில் கமிட்டி ஒரு முழங்கால் துணைக்குழுவை நியமித்தது. உறுப்பினர்கள் மூன்று பேர்: செயலர் ஆரோன், பொருளாளர் டைட்டஸ், மருத்துவ நிபுணர் டாக்டர் ஷீலா. டாக்டர் ஷீலா பல் மருத்துவர். சபையில் வேறு டாக்டர்கள் யாரும் கமிட்டிக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை.

விசாரணை சபை மண்டபத்தின் மாடியில். இருபத்திரண்டு படிகள். லிப்ட் கிடையாது. அவளை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய குமரேசன் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாமா இது, முட்டி வலிக்குதுன்னு சொல்றதுக்கு மாடிக்கா ஏறணும்?"

"மனுவை மாடிலதான்பா வாங்குவாங்க."

"ஏறிட்டீன்னா கேஸ் தோத்துடுமே! ஏறலைன்னா கேஸே இல்ல. பேஜார் புட்ச்ச எடமா கீதே."

அவன் சொன்னதுதான் நடந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அவள் மேலே போய்ச் சேர்ந்ததும், ஆரோன் கடிகாரத்தைப் பார்த்து, "விண்ணப்பதாரர் இருபத்திரண்டு படி ஏறி வந்தார்" என்று முதல் வரியை எழுதிக்கொண்டார்.

டாக்டர் ஷீலா எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஞானஜோதி திருத்தினாள்.

"எலும்பு எலும்புதானே" என்றார் ஷீலா. "இரண்டாம் நிலைன்னு போட்டிருக்கு. மொத்தம் நாலு நிலை. நாலுக்கு ரெண்டுன்னா பாதி. பாதி முட்டிக்கு முழு விலக்கு கேக்கறீங்க."

பொருளாளர் டைட்டஸுக்கு எழுபத்திரண்டு வயது. அவர் உற்சாகமாகத் தன் செல்போனை எடுத்தார். "டீச்சர், இங்க பாருங்க. என்னோட எக்ஸ்ரே. ரெண்டு முட்டியும் நாலாம் நிலை! ஒரு வலியும் இல்ல!" சொன்னதோடு நிற்காமல் எழுந்து வந்து, மூன்று முறை முட்டி போட்டு மூன்று முறை எழுந்தும் காட்டினார். ஆரோன் அதையும் எழுதிக்கொண்டார்.

"நாலுக்கே வலி இல்லைன்னா ரெண்டுக்கு எப்படி வரும்?" என்றார் ஷீலா.

"படம் வேற, வலி வேறன்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னாங்க டாக்டர். படத்துல மோசமா இருக்கறவங்களுக்கு வலி இல்லாம இருக்கலாமாம். லேசா இருக்கறவங்களுக்கு நிறைய இருக்கலாமாம்."

ஷீலா யோசித்தார். "பல்லுல அப்படி இல்ல" என்றார் முடிவாக.

ஆரோன் பேனாவை மூடி வைத்தார். "வாதம் எதுக்கு டீச்சர்? நேரடியாவே பார்த்துடலாம். முட்டி போட முடியலைன்னு சொல்றீங்க. முட்டி போட்டுக் காட்டுங்க."

"முடியாததை எப்படி சார் போட்டுக் காட்டறது?"

"போடாம இருந்தா முடியலையா, மனசில்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

முப்பத்து மூன்று வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். இந்தக் கணக்கில் எங்கேயோ ஒரு படி தப்பாக இருக்கிறது என்று தெரிந்தது. எந்தப் படி என்று கண்டுபிடிப்பதற்குள், இத்தனை வருடக் கீழ்ப்படிதல் உடம்பை முந்திக்கொண்டது. மேசை விளிம்பைப் பிடித்து இறங்கினாள். இடது முட்டி தரையைத் தொட்டது, பிறகு வலது. கண்ணில் நீர் வந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

அங்கிருந்து பார்த்தால் துணைக்குழுவின் ஆறு முழங்கால்கள் மேசைக்கு அடியில் வரிசையாகத் தெரிந்தன. மேலேயிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"போட்டுட்டாங்களே" என்றது ஷீலாவின் குரல்.

"ஆனா எழுந்திருக்கலையே" என்றது டைட்டஸின் குரல். "தூக்கி விடுவோமா சார்?"

"பொறுங்க. இப்ப தூக்கினா சாட்சியம் கலைஞ்சிடும்" என்றார் ஆரோன். பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதியதை உரக்கப் படித்தார். "விண்ணப்பதாரரால் முழங்காலிட முடிகிறது. எழத்தான் முடியவில்லை. விண்ணப்பம் முழங்காலிடுவதைப் பற்றியது. எழுவதைப் பற்றித் தனி விண்ணப்பம் தரலாம்."

பிறகு டைட்டஸ்தான் வந்து தூக்கினார். நாலாம் நிலை முட்டிகள் அதற்கு நன்றாகவே ஒத்துழைத்தன.

ஜனவரி முதல் ஞாயிறும் போயிற்று. மீதி ஒன்றுதான். மறுநாள் ஞானஜோதி ஆலய அலுவலகத்துக்குப் போய், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். தினமும் பத்து முறை உட்கார்ந்து எழுந்ததில் அந்த அளவுக்கு வந்திருந்தது. மூன்று கிலோவும் குறைந்திருந்தது. காலை விறைப்பு ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது. முட்டி போடுவது மட்டும் இன்னும் கைகூடவில்லை.

"அந்தப் பழைய தீர்மானத்தைப் பார்க்கலாமா சார்? யார் கொண்டுவந்தது, என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா பதில் எழுதிடுவேன்."

ஆரோனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இத்தனை வருடத்தில் பழைய குறிப்பேட்டைக் கேட்டு வந்த முதல் ஆள். அலமாரியைத் திறந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் வருடத்துக் குறிப்பேட்டைத் துடைத்து நீட்டினார்.

"தீர்மானம் எண் ஒன்பது. திருவிருந்தில் அனைவரும் முழங்காலிலேயே பெற வேண்டும். முன்மொழிந்தவர்: மாதர் சங்கச் செயலர் திருமதி ஞானஜோதி. வழிமொழிந்தவர்: திரு. வேதசிரோமணி."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எழுத்து மாறவில்லை. கீழே அவளுடைய பேச்சு முழுவதும் பதிவாகியிருந்தது.

"கர்த்தரின் சந்நிதியில் முடங்காத முழங்கால், முடங்காத இருதயத்தின் அடையாளம். இன்று ஒருவர் நின்றால் நாளை எல்லோரும் நிற்பார்கள். ஒழுங்கு என்பது எல்லோருக்கும் ஒன்றே. (கைதட்டல்)"

முதலில் அவளுக்குத் தோன்றியது, நல்ல வாக்கியம் என்பதுதான். அப்படித் தோன்றியதற்காகத்தான் பிறகு அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை. அப்போது வயது முப்பத்தெட்டு. மேசைக்கு அடியில் இரண்டு முழங்கால்களும் சத்தமில்லாமல் இருந்திருக்கும்.

அந்த 'ஒருவர்' யார் என்பதும் நினைவுக்கு வந்தது. அபிகாயில் டீச்சர். அதே பள்ளியில் அவளுக்கு மூத்தவர். கிராதியின் இடது ஓரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றபடியே அப்பம் வாங்குவார். அந்த நிமிர்ந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் ஞானஜோதிக்கு எரிச்சலாக இருக்கும். இவங்களுக்கு மட்டும் என்ன? அந்தக் கூட்டத்துக்குப் போகும் வழியில்தான், ஆலய வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற அபிகாயில் டீச்சர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்: "காலைல எழுந்தா கால் மரக்கட்டை மாதிரி இருக்கு ஜோதி. கொஞ்சம் நடந்தா சரியாகுது. என்னன்னே தெரியல."

"ஜெபிச்சுக்கறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் இருபத்திரண்டு படிகளையும் வேகமாக ஏறிப் போனாள்.

அடுத்த வருடப் பக்கத்தில் ஒரே வரி. "திருமதி அபிகாயில் ஆறு திருவிருந்துகளில் பங்கேற்காததால் பெயர் நீக்கப்பட்டது. பட்டியல் சரிபார்த்தவர்:" அதற்குப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. இப்போது இருப்பதைவிட அழகான கையெழுத்து. அபிகாயில் டீச்சர் இறந்தபோது மகன் பெரும்பாக்கம் பக்கம் எங்கேயோ அடக்கம் செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஏன் அங்கே என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"நான் கொண்டுவந்த தீர்மானம்தான் சார். நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

ஆரோன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது. "வழி இருக்கு டீச்சர்! முன்மொழிந்தவர் வாபஸ் வாங்கலாம். வழிமொழிந்தவரோட எழுத்துமூலச் சம்மதம் மட்டும் வேணும். அது வந்துட்டா இன்னைக்கே முடிச்சிடலாம்."

"வழிமொழிஞ்சவர் என் வீட்டுக்காரர் சார். அடக்க ஆராதனைல வேதபாடம் வாசிச்சதே நீங்கதான்."

"அது எனக்குத் தெரியும் டீச்சர். நான் விதியைச் சொல்றேன்."

பிப்ரவரி முதல் ஞாயிறு. திருவிருந்து எடுப்பவர்கள் வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். ஞானஜோதி தன் பெயரை எழுதினாள். பேனாவை வைக்கப் போனவள் வைக்கவில்லை. அடுத்த வரியில் இன்னொரு பெயரை எழுதிவிட்டு உள்ளே போனாள்.

அவளுடைய வரிசை எழுந்தபோது அவளும் எழுந்தாள். தடி இடது கையில். நடைபாதை எப்போதையும்விட நீளமாக இருந்தது. கிராதியின் இடது ஓரத்துக்குப் போய் வலது கையை ஊன்றினாள். அந்த இடத்தில் தேக்கு கொஞ்சம் வழவழப்பாக இருந்ததுபோல் தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டுமென்று தான் ஆசைப்படுவதும் அவளுக்குத் தெரிந்தது. பதினோரு பேர் முட்டி போட்டார்கள். அவள் நின்றாள். முதுகில் முந்நூறு கண்கள். அவற்றில் ஒரு ஜோடி, முப்பத்தெட்டு வயதில், எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் உணர முடிந்தது.

ஆயர் ஜாய்சன் தட்டோடு அவள் முன்னால் வந்தார். குனிந்தே பழகிய கை காற்றில் நின்றது. அவர் முன்வரிசையிலிருந்த ஆரோனைப் பார்த்தார். ஆரோன் விதிப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், எனக்கு நிக்கத்தான் முடியும்" என்றாள் ஞானஜோதி மெதுவாக.

ஆரோனுக்குப் பக்கம் கிடைப்பதற்குள் அப்பம் அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

'சமாதானத்தோடே போங்கள்' என்றதும் அவள் திரும்பினாள். அப்போது பின்னாலிருந்து ஒரு தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கடைசி இரண்டு வரிசைகளும் எழுந்து வந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லாமல் வந்தார்கள். அன்று சிரித்த அம்மாள்தான் முதலில். ஞானஜோதி இந்த முறை அவரைப் பார்த்துச் சிரித்தாள். பாடகர் குழுவிடம் சரணங்கள் தீர்ந்துபோய் மறுபடி பல்லவியிலிருந்து தொடங்கியது. பொருளாளர் டைட்டஸ் எல்லோருக்கும் நடுவில் முட்டி போட்டு, வாங்கிக்கொண்டு, துள்ளி எழுந்தார்.

கமிட்டிக் குறிப்பேட்டில் இப்படிப் பதிவாயிற்று: "திருவிருந்து ஆராதனை பதினோரு நிமிடம் நீண்டது. காரணம்: உறுப்பினர்கள்."

நின்றவர்கள்மீது நடவடிக்கை எடுக்கலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஒன்பது பேரையும் தனித்தனியே மாடிக்கு அழைத்து முட்டி போடச் சொன்னால் தூக்கிவிட ஆள் போதாது என்று டைட்டஸ் சொன்னதால் அது ஒத்திவைக்கப்பட்டது. ஞானஜோதி அப்பம் வாங்கியது வாங்கியதுதான் என்பதால் அவள் பெயர் பட்டியலில் தொடர்கிறது. ஆரோனைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கடைசி வரிசைக்காரர்கள் எட்டுப் பேர் திரும்பிப் போகும்போது எழுதியதையும் சேர்த்து, பதிவேட்டில் பெயர்கள் நூற்றுப் பத்தொன்பது. அப்பம் வாங்கியவர்கள் நூற்றுப் பதினெட்டு.

"இந்த அபிகாயில் யாரு டீச்சர்? உங்க பேருக்குக் கீழ இருக்கு. உங்க கையெழுத்து மாதிரியும் இருக்கு."

"இங்க அங்கத்தினரா இருந்தவங்க சார்."

"பட்டியல்ல இல்லையே. நீக்கியிருக்கே."

"ஆமா. நீக்கினது நான்தான்."

"அன்னைக்கு வந்திருந்தாங்களா? நான் பார்க்கலையே."

"என் பக்கத்துலதான் நின்னாங்க" என்றாள் ஞானஜோதி.

இதை விசாரிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் ஷீலாவும் இருக்கிறார். விசாரணை அடுத்த புதன்கிழமை, மாடியில். குமரேசனிடம் ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. ஞானஜோதி நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறாள். இப்போது பதினைந்து முறை.